நான் இறக்கிவிட்ட காற்று

ஜூலை 4, வெள்ளி

அம்மாவுக்கு இன்றும் தொண்டை கட்டியிருக்கிறது. டாக்டர் உள்ளே கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் இரண்டு சின்ன முடிச்சாம். "கத்துறதை நிறுத்துங்க. இல்லன்னா ஆபரேஷன்தான்."

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் கத்தாமல் எப்படி இருப்பாள்? எங்கள் சின்னக் கார் நகர்ந்தாலே தரையிலிருந்து ஓர் இரைச்சல் கிளம்பும். பக்கத்து இருக்கைக்கே "பிரேக்!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். அப்பாவின் போனில் அளந்தேன். பெரிய சாலையில், ஐம்பது வேகத்தில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு: எழுபத்து நாலு டெசிபல்.

இரண்டு நாளாக நூலகத்தில் இதையே படித்தேன். குற்றவாளி டயர்தான். ஏழு வருடத்து ரப்பர் இறுகிப்போயிருக்கிறது. அப்பாவிடம் சொன்னதும், "வந்துட்டாய்யா ஆராய்ச்சி!" என்று சிரித்தார். ஆனால் கீழே போய் டயரில் நகத்தை அழுத்திப் பார்த்தார். பதியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நாலு டயரையும் மாற்றிவிட்டோம்!! சத்தம் குறைந்த ரகம் எது, டயரில் வெட்டிய பள்ளங்கள் ஏன் ஒரே அளவில் இல்லை என்று கேட்டுத் துளைத்துவிட்டேன். டயர் கடைக்காரர், "சார், அடுத்த வருஷம் பாப்பாவை இங்க வேலைக்கு அனுப்பிடுங்க" என்றார்.

அதே சாலை, அதே வேகம்: எழுபது. அம்மா சாதாரணக் குரலில், "லெஃப்ட்ல ஒதுங்குங்க" என்றாள். அப்பா ஒதுங்கினார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூலை 9, புதன்

எழுபது போதாது. அறுபத்தைந்துக்குக் கொண்டுவந்தால் அம்மா கிசுகிசுக்கவே செய்யலாம்.

காற்று குறைந்தால் டயர் மெத்தென்று ஓடும் என்று எங்கோ படித்தேன். கார்க் கதவின் உள்பக்கம், காற்றின் அளவு முப்பத்து மூன்று என்று ஒட்டியிருக்கிறது. ஆனால் அதை எழுதியவருக்கு அம்மாவின் தொண்டையைப் பற்றி என்ன தெரியும்?

பள்ளிக்குக் கிளம்பும் முன் பேனா மூடியால் வால்வை அழுத்தினேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இருபது எண்ணினேன். யாரிடமும் சொல்லவில்லை. முடிவு வந்ததும் சொல்லலாம்.

ஜூலை 10, வியாழன்

அறுபத்தொன்பது. காலையில் இன்னோர் இருபது எண்ணி இறக்கினேன்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்றும் இறக்கினேன். இன்றும் அறுபத்தொன்பதுதான்.

ஞாயிறுதோறும் காற்று பார்ப்பது அப்பாவின் வேலை. இன்று, "புது டயருக்கு என்னத்தைப் பாக்கறது?" என்று செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

சாயங்காலம் அம்மாவிடம் கற்றுக்கொள்ளும் நர்ஸ் அக்கா வந்திருந்தார். "அக்கா, ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு" என்றார் அம்மாவிடம். அம்மா, "புது டயர்ல அப்படித்தான். நீ பயத்துல இறுக்கிப் பிடிக்கறே" என்றாள். புதன்கிழமை அவருக்கு லைசென்ஸ் டெஸ்ட். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை தயாராக இருக்கிறது. லைசென்ஸ் இருந்தால்தான் தருவார்கள். பதினோரு வருடம் வார்டில் நின்றே கால் நரம்பு சுருண்டுவிட்டது அவருக்கு.

ஜூலை 16, புதன்

நர்ஸ் அக்கா தோற்றுவிட்டார். வளைவில் கார் அகலமாகப் போய்க் கம்பத்தில் இடித்துவிட்டதாம். வண்டியிலிருந்து இறங்கி, "எனக்கு இது வராதுக்கா. வீணா உங்க தொண்டையைத்தான் கெடுத்தேன்" என்று அழுதாராம்.

ஸ்டியரிங். கல்லு மாதிரி. காற்று குறைந்த டயரைத் திருப்புவது கனம்.

நானா? — நான்தான்.

ஜூலை 17, வியாழன்

அம்மா டயர் கடைக்குப் போய்விட்டு வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "முப்பத்து மூணு வெச்சாராம். இருபத்திரண்டு காட்டுது. நாலுலயும்! இதே காத்துல வேகமாப் போயிருந்தா டயர் வெடிச்சிருக்கும்கிறார். ஞாயித்துக்கிழமை என்ன பண்ணீங்க?"

அப்பா தலையைச் சொறிந்தார். "என் தப்புதான். பாத்திருக்கணும்."

அம்மாவின் குரல் பாதியில் உடைந்து காற்றாகிவிட்டது. யாரைக் கத்தவிடக் கூடாது என்று இத்தனையும் செய்தேனோ அவளையே கத்த வைத்தேன். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

ஜூலை 18, வெள்ளி

அப்பா இரண்டு முறை காற்று பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை.

ஜூலை 19, சனி

சொல்லிவிட்டேன். அடுப்படியில், இரண்டு பேரிடமும், ஒரே மூச்சில்.

அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"உங்களுக்காகத்தாம்மா..."

"எனக்காகன்னு சொல்லாதே. அதையும் நான் சுமக்கணுமா?"

பிறகு சாவியை எடுத்தாள். "வா. அவகிட்ட நீயே சொல்லு."

நர்ஸ் அக்கா கொடியில் சீருடை காயப்போட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் மறந்துபோயின. "அக்கா, டயர்ல நான்தான் காத்து இறக்கினேன்" என்று மட்டும் வந்தது.

"அப்போ... எனக்கு ஓட்ட வருதா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்கும் வரை எனக்கு உயிர் இருந்தது.

"அந்த வேலைக்கு நேத்து வேற ஆளைப் போட்டுட்டாங்க பாப்பா."

அம்மா, மறுபடி டெஸ்டுக்குத் தானே தயார் செய்வதாகச் சொன்னாள். "யோசிச்சுச் சொல்றேன்கா" என்றார் அக்கா. கையிலிருந்த கிளிப்பை எங்கே மாட்டுவது என்று தெரியாதவர்போல நின்றார். என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

அப்பாவோடு போய்க் காற்று பார்த்தேன். முப்பத்து மூன்று. சத்தம்: எழுபது. இனி அளக்கப்போவதில்லை.

நர்ஸ் அக்காவிடமிருந்து போன் வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

முடிச்சுகள் சிறுத்துவிட்டன, ஆபரேஷன் தேவைப்படாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது சிக்னலில் நின்றோம். எதிர்ச் சாலையிலிருந்து வேறொரு பயிற்சிப் பள்ளியின் பலகை வைத்த கார் வளைந்து வந்தது. ஓட்டியது நர்ஸ் அக்கா. பக்கத்தில் யாரோ ஓர் ஆள். கோட்டைத் தொடாமல், அவசரப்படாமல் எங்களைக் கடந்து போனார்.

"அழகாத் திருப்பறா" என்றாள் அம்மா. என்னிடம் இல்லை. தனக்குள் கிசுகிசுத்ததோடு சரி.

பின் இருக்கைவரை தெளிவாகக் கேட்டது. கேட்காதவள்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.