கிணத்தடியில் ஒரு குளிர்நாட்டுப் பூ

ஜனவரி 30, வியாழன்
காலையிலிருந்து தூறல். உப்புக் காத்து. பொக்ஸ்குளோவ் தண்டில் அடிமொட்டு ஊதா நிறம் காட்டிவிட்டது! பண்டாரவளையிலிருந்து தங்கச்சி கொடுத்துவிட்ட பூக்கண்டுகளில் இது ஒன்றுதான் மிச்சம். மலைநாட்டுப் பூ, கல்முனை வெக்கைக்குத் தாங்காது என்றார்கள். கிணத்தடி நிழல், ஈரச் சாக்கு, மாரி மழை. தாங்கிவிட்டது. வளர்த்தது நான்.

வாங்க: பச்சைமிளகாய், ஊக்கு, சவர்க்காரம்.

சாப்பாட்டில் இவர், மகள் ரிபாவின் வாப்பா, மறுபடி தொடங்கினார். "மாப்பிள்ளைட கார் எங்க விடுற? வீட்டு முத்தம் முழுக்க இன்டர்லொக் கல்லுப் போடுவம்." பெருநாள் முடியக் கலியாணம். வீடு மகளுக்கு, மாப்பிள்ளை இங்கே வருவார், நாங்கள் பின் அறைக்கு. எங்கள் ஊரில் எல்லா உம்மாவும் செய்வதுதான். வீட்டைக் கொடுக்க நோகவில்லை. தோட்டத்தின் மேல் கல் போடுவதென்றால் நோகிறது.

பெப்ரவரி 1, சனி
பூத்துவிட்டது. மணி மணியாக, உள்ளே புள்ளிகள். ஒரு கருவண்டு தலையை விட்டு நுழைந்தது, பின்பக்கம் மட்டும் வெளியே. மாவில் விழுந்து எழும்பின மாதிரித் திரும்பி வந்தது. இந்த வளவில் மருந்தடிக்கக் கூடாதென்று இவரோடு எத்தனை சண்டை! ரிபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உம்மாட மூஞ்சியப் பாக்கணுமே!"

ஓம், பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது?

தங்கச்சி போனில்: இலை நஞ்சு, ஆடு நெருங்க விடாதே. வலை கட்டித்தான் இருந்தது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம், வலை அசிங்கமாம், இவர் கழற்றிவிட்டார்.

பெப்ரவரி 2, ஞாயிறு
வட்டிலாப்பம் நன்றாக வந்தது. மற்றதெல்லாம் பாழ்.

சாப்பிட்டு முடிய மாப்பிள்ளையின் உம்மா வளவைச் சுற்றிப் பார்த்தார். "மதினி, கீரை நல்லாத் தளதளண்டு இரிக்கி. சுண்டலுக்கு ரெண்டு பிடி பறிக்கிறன்." போன இடத்தில் கீரை கண்டால் எங்கள் பெண்களின் கை சும்மா இருக்காது. நான் திரும்புவதற்குள் பொக்ஸ்குளோவ் இலை ஒன்று அவர் வாய்க்குக் கிட்ட. ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டேன். சத்தம் கேட்கிற அடி.

"நஞ்சு மதினி! வாயில வெக்காதீங்க!"

"நஞ்ச வளவுக்குள்ளயா வளக்கிறீங்க?"

தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்கள். இவர்: "கலியாணத்தையே முறிச்சிட்டாய். அதப் புடுங்கி எறி."

பெப்ரவரி 3, திங்கள்
வெயில். அங்கிருந்து போன் இல்லை. பூவா மகளா என்றால் மகள்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பூவுக்குள் வண்டு. அது வெளியே வரட்டும் என்று நின்றேன். வந்தது, அடுத்த பூவுக்குள் போனது.

ரிபா வந்து மண்வெட்டியைப் பறித்தாள்.

"புடுங்கவேணாம் உம்மா."

"போன் வரல்லியே மகள்."

"வராட்டிப் போகட்டும். நான் அங்க போகப்போறல்ல, அவருதான் இங்க வாறவரு. வாறவரு இந்தப் பூவோட சேத்துத்தான் இரிக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. இப்படி ஒருத்தியைப் பெற்று வளர்த்ததும் நான்தானே. பூவை விட அதுதான் பெரிய பெருமை. பயமும் போகவில்லை.

பெப்ரவரி 5, புதன்
முட்டை அடை வைத்த கோழி சத்தம். அரிசி ஊறப்போட்டேன். பத்து மணி போல வாசலில் ஆட்டோ. மாப்பிள்ளையின் உம்மா, தனியாக. கையில் ஒரு சுருள் கம்பி வலை!

"அண்டைக்குச் சரியான கோவம் மதினி. வீட்ட போய் யோசிச்சன். அந்த அடி அடிக்காட்டி நான் திண்டிருப்பன். நாளைக்குப் பேரப்பிள்ளை தவழக்கொள்ள வாயில வெச்சா? நல்லாச் சுத்திக் கட்டுங்க."

அல்ஹம்துலில்லாஹ். இரண்டு பேருமாகக் கட்டினோம். நடுவில் ஒரு வண்டு நுழைய, அவர் கம்பியைப் பிடித்தபடி வேலையை மறந்து நின்றார். "இஞ்ச பாருங்க மதினி, இஞ்ச பாருங்க" என்று எனக்கே காட்டுகிறார்!

பின்னேரம் கல் பதிக்கிறவர் அளக்க வந்தார். இவர் முற்றத்தில் நின்று சொல்வது குசினி அடுப்படிவரை கேட்டது: "கிணத்தடிய விடுங்க தம்பி. அங்க எங்கட பூ இரிக்கி."