யாமின் தன் அப்பாவுக்கு எடுத்த பாடம்

என் செல்ல ரோஸ் அக்கா,

நம் பேட்டை கியாக்டடாவில் மழை விட்டுவிட்டது. கரன்ட் நீ இருந்தபோது இருந்ததைவிட மோசம். நான்காம் மாடிக்கு ஏறுவதற்குள் எனக்கும் இப்போது மூச்சு வாங்குகிறது. ஏதாவது நல்ல செய்தி கிடைத்ததும் உனக்கு எழுதலாம் என்று காத்திருந்தேன். கிடைக்கவில்லை. அதனால் இருப்பதைச் சொல்கிறேன்.

முதலில் உன் பிள்ளைகளைப் பற்றித்தானே கேட்பாய்? ஒரு நேரத்துக்கு ஒரே பிள்ளை, எதிரே நீ, நடுவில் அமெரிக்க வரலாற்றுப் புத்தகம் என்று இந்தச் சாப்பாட்டு மேஜையில் நீ உட்கார வைத்தவர்களில் யாரும் இப்போது ஊரில் இல்லை. பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்கள் என்று பையன்களை எல்லை தாண்டி அனுப்பிவிட்டார்கள். பெண் பிள்ளைகள் ஜப்பான் மொழி படிக்கப் போய்விட்டார்கள். மிஞ்சினவள் யாமின் ஒருத்திதான். ஷ்வேப்யிதாவிலிருந்து அம்மாவோடு பஸ் ஏறி வருவாளே, அந்தப் பன்னிரண்டு வயதுக்காரி.

உன்னை அடக்கம் செய்த அடுத்த சனிக்கிழமை காலையில் கீழே யாரோ கயிற்றை இழுத்தார்கள், பால்கனியில் மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். செல்வியும் யாமினும் நின்றார்கள். சாவியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். யாமின் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மேஜைக்குப் போய், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

செல்விக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வேணாம்னா இவ கேக்க மாட்டேங்கறா. பாடம் பாதியில நிக்குதாம். நீங்க சொல்லித் தரலாமில்ல?"

"நான் கப்பல் ஆபீஸ்ல கணக்கு எழுதினவ, செல்வி. வரலாறெல்லாம் அக்காவோட சரி."

"இங்கிலீஷ் தெரியுமே. புக்கப் பாத்து வாசிங்க, போதும்."

அது போதவில்லை. நான் ஒரு பக்கம் வாசித்து முடிப்பதற்குள் யாமின் பேனாவை மூடிவிட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச்சு பர்மியத்தில்தான் வரும். "ரோஸ் ஸயாமா இப்படிச் சொல்ல மாட்டாங்க," என்றாள். உன்னைக் கூப்பிட்ட அதே ஸயாமாதான் இப்போது எனக்கும். டீச்சர் என்றால் அவளுக்கு ஸயாமா. "முதல்ல ஒரு ஆளச் சொல்வாங்க. அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு சொல்வாங்க. வருஷமெல்லாம் அப்புறம்தான்."

அப்படித்தான் நான் உன்னிடம் அல்லாமல் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டேன். வாரம் முழுக்கப் படித்து, சனிக்கிழமைக்கு ஒரு ஆளைத் தயார் செய்து வைப்பேன். கப்பலில் வந்த தேயிலையைத் துறைமுகத்தில் கொட்டின கதையைச் சொன்னபோது அவள் நெற்றியைச் சுருக்கினாள். "எதுக்கு ஸயாமா கொட்டணும்? ராஜா மேல கோவம்னா, தேயிலையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி டீ போட்டுக் குடிச்சிட்டு, வரி கட்ட மாட்டோம்னு சொல்லியிருக்கலாமே?" நீ போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

யாமினின் அப்பா கோ தெட்டை நீ போனில் பார்த்திருக்கிறாய். அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது வேலைக்கென்று மலேசியா போனவர். அங்கிருந்து அகதியாக அமெரிக்காவில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஏதோ ஒரு குளிர்ந்த ஊரில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் நிற்கிறார். மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள மனு போட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். அங்கே பள்ளியில் சேரும்போது மகள் முழிக்கக் கூடாது என்று அவர்தான் இந்தப் பாடத்தை ஆரம்பித்து வைத்தார். தூதரகத்தில் பேட்டிக்கு நாள் கிடைத்துவிட்டது என்று செல்வி மோஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு ஓடிவந்தாளே, அது நினைவிருக்கிறதா? அன்றைக்கு நீ இரண்டு கிண்ணம் சாப்பிட்டாய்.

அந்தப் பேட்டி நடக்கவில்லை அக்கா. நம் நாட்டுக்காரர்கள் யாரும் இனி வரக் கூடாது என்று அங்கே உத்தரவு போட்டுவிட்டார்கள். செல்வி தையல் ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்த்திருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சூலே பகோடா பக்கம் போகிற பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒரு சந்து இருந்தது. அமெரிக்கக் குடிமக்களின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் அந்த உத்தரவு பொருந்தாது. கோ தெட் குடியுரிமை வாங்கினால் இவர்கள் போகலாம். வாங்க வேண்டுமானால் பரீட்சை உண்டு. ஒரு அதிகாரி எதிரே உட்கார்ந்து அந்த நாட்டு வரலாற்றை ஆங்கிலத்தில் கேட்பார், ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். கோ தெட் நம்மூர்ப் பள்ளியில் எட்டாவதோடு நின்றவர். தொழிற்சாலையில் அவரைச் சுற்றி எல்லாரும் பர்மியம்தான் பேசுகிறார்கள்.

"நான் பேபேக்குச் சொல்லித் தரேன்," என்றாள் யாமின். அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அன்றிலிருந்து மேஜையில் உன் நாற்காலி அவளுக்கு ஆனது. போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைப்பாள். அந்தப் பக்கம் கோ தெட், வேலை முடிந்து வந்த அசதியில், ஈரத் தலையோடு. நான் பக்கத்தில், தடுமாறினால் எடுத்துக்கொடுக்க. அவள் உன்னைப் போலவே ஆரம்பித்தாள். "பேபே, ஒரு ஆள் இருந்தார். ரொம்ப உயரம். சின்ன வயசுல அவர் வீட்டுல புத்தகமே கிடையாது..." கோ தெட்டுக்கு நாக்குப் புரளாத சொற்களை உடைத்து உடைத்துப் பர்மிய எழுத்தில் எழுதிக் காமிராமுன் பிடிப்பாள். அவர் தப்பாகச் சொன்னால், "அதிகாரி முன்னாடி இப்படிச் சொல்வீங்களா?" என்று அதட்டுவாள். அந்த மனிதர் சந்தோஷமாகத் திட்டு வாங்கினார். ஒன்பது வருஷம் கழித்து மகளிடம் கிடைத்த திட்டு.

ஒருநாள் அடிமைகளுக்கு விடுதலை கிடைத்த பாடம். யாமின் போனுக்கு நெருக்கமாகக் குனிந்து கேட்டாள்: "பேபே, விடுதலை ஆனதும் அவங்க முதல்ல என்ன செஞ்சாங்க தெரியுமா?"

"சாப்பிட்டிருப்பாங்க. தூங்கியிருப்பாங்க."

"இல்ல. தேடப் போனாங்க. அம்மாவ ஒரு ஊருக்கும் பிள்ளைய ஒரு ஊருக்கும் வித்திருந்தாங்கல்ல? நடந்தே போயித் தேடினாங்க. என் மகளைப் பாத்தீங்களான்னு பத்திரிகையில போட்டாங்க. கோயில்ல படிச்சுச் சொல்லச் சொன்னாங்க."

கோ தெட் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கிடைச்சாங்களா?"

யாமின் என்னைப் பார்த்தாள். அந்த வாரம் அதைத்தான் நான் படித்திருந்தேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான், "கொஞ்சம் பேருக்குத்தான்," என்றேன்.

பிறகு கோ தெட் கேட்டார்: "இது பரீட்சையில வராதுல்ல?"

"வராது பேபே."

"அப்ப சரி. அடுத்தது கேளு."

அவர் தேறிவிட்டார், அக்கா. அதை முழுசாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் நல்லது என்று இருப்பது அது ஒன்றுதான். அன்றைக்குப் போனில் கூப்பிட்டு, கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். செல்வி பால்கனிக்குப் போய் நின்றுகொண்டு, புடைவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். யாமின் மட்டும் கண்டிப்பாக, "என்னென்ன கேட்டாங்க? எதுலயாவது தப்பு விட்டீங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் உன் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினேன். பிறகு அவர் உறுதிமொழி எடுத்தார், குடிமகன் ஆனார், மறுபடி மனு போட்டார். செல்வி இரண்டு கம்பளிச் சட்டைகள் வாங்கிவிட்டாள். இந்த ஊர் வெயிலில் யாமின் அதைப் போட்டுக்கொண்டு மேஜையைச் சுற்றி நடந்து காட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். குடிமக்களின் குடும்பத்துக்கும் இனி விலக்கு இல்லை என்று புதிய உத்தரவு. இதை நான் உனக்கு விளக்க முடியாது. எனக்கே விளங்கவில்லை. அந்த மனிதர் அவர்கள் கேட்டதையெல்லாம் படித்தார். அவர்கள் நாட்டுச் சட்டப் புத்தகத்தின் முதல் சொற்கள் என்ன என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

போன மாதம் செல்வி யாமினோடு வந்தாள். ஆலையில் வேலை குறைந்து அவளை நிறுத்திவிட்டார்கள். மாவ்பியில் அவள் தம்பி காய்கறிக் கடை போட்டிருக்கிறான்; அங்கே போகிறார்கள். "இனிமே சனிக்கிழமை வர முடியாதுக்கா. இவளும் சந்தைல நிக்கணும்."

"நானே மாவ்பிக்கு வர்றேன் செல்வி. மாசத்துக்கு ஒரு வாட்டியாவது."

செல்வி மகளைப் பார்த்தாள். யாமின் மேஜையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "வேணாம் ஸயாமா. அந்த நாட்டுல நடந்தது இனிமே எனக்கு எதுக்கு?"

அறிவு எங்கேயும் வீண் போகாது என்று சொல்லியிருக்கலாம். காலம் மாறும் என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதெல்லாம் வரவில்லை, அக்கா. நீ இருந்திருந்தால் ஒரு ஆளைச் சொல்லி ஆரம்பித்திருப்பாயோ? எந்த ஆளை? நானும் தேடிப் பார்த்துவிட்டேன். அவள் புத்தகத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு போ என்று நான் கூப்பிட்டேன். அவள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை கோ தெட் என்னைக் கூப்பிட்டார்.

"ஸயாமா, யாமின் என் போனை எடுக்க மாட்டேங்கறா."

"கோவமா இருக்கா, கோ தெட். உங்க மேல இல்ல."

"என் மேலதான். நான் போகாம இருந்திருந்தா அங்கேயே அவ கூட இருந்திருப்பேன்ல?" பிறகு அவர் உறுதிமொழி எடுத்த நாளைப் பற்றிச் சொன்னார். எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்களாம். கையில் சின்னச் சின்னக் கொடிகள். போட்டோ எடுக்கிறவர் இவரிடம், உங்கள் வீட்டாரைக் கூப்பிடுங்கள் என்றிருக்கிறார். யாரும் வரவில்லை என்று சொல்ல இவர் கூச்சப்பட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் மகளைக் கேட்டுக் கூட நிறுத்திக்கொண்டாராம். யாமின் வயதுதான் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு.

"அந்தப் போட்டோவ அவளுக்கு அனுப்பல ஸயாமா. நீங்களும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"சும்மா ஏதாவது பேசுங்களேன். இந்த நேரத்துல எனக்குப் பாடம் கேட்டே பழகிப்போச்சு."

நான் என்ன பேசுவது? அவள் பாதியில் விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். ரயில் பாதை போட்ட சீனக்காரர்களின் கதை. பாதை போட்டு முடித்த கொஞ்ச வருஷத்தில் இனிமேல் நீங்கள் யாரும் வர வேண்டாம் என்று சட்டம் போட்டுவிட்டார்கள், கோ தெட், என்றேன். அவர்கள் மனைவி பிள்ளைகள் அக்கரையிலேயே நின்றுவிட்டார்கள். அவர், "எவ்வளவு காலம்?" என்று கேட்டார். சொன்னேன். அறுபது வருஷத்துக்கு மேல்; அவர் இனி உயிரோடு இருக்கக்கூடிய காலத்தைவிட அது அதிகம். "சரி ஸயாமா, தூங்கப் போறேன்," என்று வைத்துவிட்டார்.

ரோஸ் அக்கா, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். யாமின் திரும்ப வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. செல்வி அந்தக் கம்பளிச் சட்டைகளை விற்றுவிட்டாள். ஆனாலும் சனிக்கிழமை காலையில் அவர் கூப்பிட்டால் எடுப்பேன். அவர் கேட்கிற வரைக்கும் பேசுவேன். எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதை நம்பாத அளவுக்கு அவர் நிறையப் படித்துவிட்டார். இவ்வளவுதான் என்னால் உனக்குத் தர முடிந்த வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
ஜெசி