பெருங்குடிக்கு விழாத ஓட்டு

பாய்,

மூன்று நாளாக என் விரல்களில் பித்தளை பாலிஷ் வாடை. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். எனக்கென்னவோ கையைக் கழுவவே மனசு வரவில்லை. தி.நகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அந்தச் சந்தில், உங்கள் கோப்பைக் கடைக்குள் நுழைந்ததும் முகத்தில் வந்து அறையும் அதே வாடை இது. நாளைக்கு நம் மாரத்தான். ஒருத்தரும் ஓடாத மாரத்தான். அதற்காகத்தான் சுழற்கோப்பையை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்தேன். துடைத்து முடித்ததும் கை தானாகக் கோப்பையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தது. நீங்கள் வெட்டிய எழுத்து அப்படியே இருக்கிறது. பக்கத்தில் நீங்கள் ஒட்டிய சிவப்பு வட்டம்தான் கொஞ்சம் வெளுத்துவிட்டது.

எப்படி ஆரம்பித்தது என்று ஞாபகம் இருக்கிறதா? விளையாட்டு விழாவுக்குக் கோப்பை வாங்க வந்திருந்தேன். "இன்னா டீச்சர், மூஞ்சி வாடிக்கீது?" என்று கேட்டுக்கொண்டே டீ சொன்னீர்கள். பதினோராம் வகுப்பில் டெண்டர் பாடம் நடத்தினால் பாதிப் பேர் கொட்டாவி விடுகிறார்கள், மீதிப் பேர் அதற்கும் சோம்பல்படுகிறார்கள் என்று புலம்பினேன். உலகப் போட்டியை எங்கள் நாட்டில் நடத்துங்கள் என்று நாடுகள் முட்டி மோதிக்கொண்டு கேட்கின்றனவே, அதை வகுப்பில் விளையாட்டாக நடத்திப் பார்த்தால் என்ன என்றேன். நீங்கள் கையிலிருந்த மெடலை வைத்துவிட்டு நிமிர்ந்தீர்கள்.

"ஜப்பான், ஜெர்மனின்னு குடுத்தா பசங்க செல்போன பாத்து எழுதிக்கினு வந்துடும் டீச்சர். ஏரியா குடுங்க. மயிலாப்பூர், அடையாறுன்னு குடுங்க. நடந்து போய்ப் பாத்தாதான் எழுத முடியும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. பி.எட். படித்தது நான், யோசனை உங்களுடையது.

அன்றைக்குத்தான் சிவப்பு ஸ்டிக்கரையும் கவனித்தேன். அலமாரியில் ஒரு கோப்பையின் வயிற்றில் சின்னதாக ஒட்டியிருந்தது. என்னவென்று கேட்டேன். "ஒடுக்கு கீது. எங்க ஒடுக்கோ அங்க ஒட்டிடுவேன். வாங்கறவரு கண்டுபுடிச்சா நான் திருடன், நானே காட்டிட்டா வியாபாரி" என்றீர்கள். டீ ஆறுவதற்குள் நம் போட்டியின் முக்கியமான விதி தயாராகிவிட்டது. ஒவ்வொரு அணியும் தன் ஏரியாவில் உலக மாரத்தானை நடத்தத் திட்டம் தர வேண்டும். அதில் ஒரு பக்கம் சிவப்புப் பக்கம். அந்த ஏரியாவில் என்னென்ன இல்லை, என்னென்ன சரியில்லை என்று அவர்களே அதில் எழுத வேண்டும். சிவப்புப் பக்கம் இல்லாத திட்டம் செல்லாது.

மந்தைவெளியில் எங்கள் பள்ளிக்கு நீங்கள் சீட்டுக் குலுக்க வந்த நாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி வந்தீர்கள். ஐந்து ஏரியாப் பெயர்களை எழுதிச் சுருட்டி, நீங்கள் கொண்டுவந்த கோப்பைக்குள்ளேயே போட்டோம். பதினோராம் வகுப்பின் ஐந்து பிரிவுகளும் வரிசையாக எடுத்தன. கணினிப் பிரிவுக்கு அடையாறு. அறிவியல் பிரிவுகள் இரண்டுக்கும் தி.நகரும் அசோக் நகரும். தொழிற்பிரிவுக்கு மயிலாப்பூர். கடைசியாக என் வணிகவியல் பிரிவு. அணித் தலைவி கௌசல்யா சீட்டைப் பிரித்து "பெருங்குடி" என்று படித்தாள்.

"குப்பை மேடு!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் சிரிப்பும் இருந்தது, பாய். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன், ஆனால் சிரித்தேன். இதை உங்களிடம் சொன்னதே இல்லை. உங்கள் அருகில் வந்து, "இன்னொரு தரம் குலுக்கிடலாமா?" என்று வேறு கேட்டேன். "வேணாம் டீச்சர், வந்தது வந்தாச்சு" என்று கோப்பையை மூடி வைத்தீர்கள். உங்கள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் கௌசல்யா என்னிடம் வந்தாள். "மிஸ், என்னை விட்டுடுங்க, வேற யாரையாவது லீடராப் போடுங்க" என்றாள். துருவிக் கேட்டபோது விஷயம் வந்தது. பள்ளியில் கொடுத்திருந்த மந்தைவெளி விலாசம் அவளுடைய அத்தை வீட்டு விலாசம். தினமும் பெருங்குடியிலிருந்து ரயிலில் வருகிறாள், தோழிகளிடம் அத்தை வீட்டைத் தன் வீடு என்று சொல்லி வைத்திருக்கிறாள். "அந்தப் பக்கம்னு தெரிஞ்சா கிட்ட உக்கார மாட்டாங்க மிஸ். இப்ப மேடை ஏறிப் பேசினா தெரிஞ்சிடும்." நேற்று சிரித்த வாயை வைத்துக்கொண்டு அவளுக்கு நான் என்ன தைரியம் சொல்வது? உங்களுக்குப் போன் போட்டேன். "அந்தப் பொண்ணாண்ட ஒண்ணு சொல்லுங்க. ஏரியாவப் பத்தி அவளுக்குத் தெரிஞ்சது மத்த நாலு டீமுக்கும் தெரியாது" என்றீர்கள். அதை அப்படியே போய்ச் சொன்னேன். பத்து நாள் கழித்துப் போட்டியன்று, எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலையோடு முதல் ஆளாக வந்து நின்றாள்.

பொங்கல் முடிந்த அதே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நடுவர்கள் மூன்று பேர்: தலைமையாசிரியர், பி.டி. மாஸ்டர், நீங்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு, அணிக்கு ஓர் ஓட்டு, சொந்த ஏரியாவுக்குப் போடக் கூடாது என்று அணிகளுக்கு விதி. எனக்கு ஓட்டு இல்லை, மைக் மட்டும்தான். மயிலாப்பூர் அணி, "தேருக்கு வர்ற கூட்டத்தையே சமாளிக்கிறோம், மாரத்தான்லாம் எங்களுக்கு ஜுஜுபி" என்று ஆரம்பித்துக் கைத்தட்டல் வாங்கியது. தி.நகர் அணியின் சிவப்புப் பக்கத்தில் ஒரே வரி: "ஓடுவதற்கு இடம் இல்லை." அதற்கு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அடையாறுப் பிள்ளைகள் உண்மையிலேயே நன்றாகச் செய்திருந்தார்கள். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நிழல் விழும் என்பது வரை குறித்திருந்தார்கள்.

கடைசியில் கௌசல்யா. எல்லா அணியும் மாரத்தானை விடியற்காலையில் வைத்திருக்க, இவள் மட்டும் சாயங்காலம் நாலரைக்கு வைத்திருந்தாள். தலைமையாசிரியர் ஏன் என்று கேட்டார். அவள் சிவப்புப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"சார், எங்க ஏரியாவுல குப்பை மேடு இருக்கு. மறைக்கல. காலையில காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து வீசும், நாத்தம் வரும். நாங்க ஜன்னலையே திறக்க மாட்டோம். மத்தியானத்துக்கு மேல கடல் காத்து வரும். வந்து எல்லாத்தையும் மேற்கால தள்ளிடும். நாலு மணிக்கு எங்க அம்மா ஜன்னலைத் திறப்பாங்க. அதான் நாலரைக்கு ரேஸ். சதுப்பு நிலம் ஓரமா ஓடினா இந்த மாசத்துல பூநாரையப் பாத்துக்கினே ஓடலாம்."

எங்க ஏரியா, எங்க அம்மா. ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை. மைக்கில் அடுத்த அறிவிப்பைச் சொல்ல எனக்கு நேரமாயிற்று. என் பிள்ளை, என் வகுப்பு என்று மார்தட்டிக்கொள்ளத் தோன்றியது. தட்டிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை என்பதும் கூடவே தோன்றியது.

ஓட்டை எண்ணினோம். அசோக் நகர் ஒன்று, பெருங்குடி மூன்று, அடையாறு நான்கு. ஒரே ஓட்டு வித்தியாசம். அடையாறு அணி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றி ஓடியது. கௌசல்யா கைத்தட்டினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. நீங்கள் நேராக அவளிடம் போனீர்கள். ரகசிய ஓட்டை வெளியே சொல்லாதீர்கள் என்று நான் தடுக்க வருவதற்குள் சொல்லிவிட்டீர்கள்.

"கண்ணு, என் ஓட்ட அடையாறுக்குத்தான் போட்டேன். நானும் பெருங்குடிதாம்மா."

பல வருஷமாக உங்கள் கடையில் டீ குடித்திருக்கிறேன், பாய். உங்கள் வீடு எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கடைக்கு மேல்தான் வீடு என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம ஊருன்னு போட்டா நீ எழுதின பக்கத்துக்கு இன்னா மரியாதை? நாலரைக்கு ஆரம்பிச்சா ஜனம் முடிக்க இருட்டிடும். ஸ்டேஷன்லேர்ந்து உள்ள வர்ற ரோட்டுல லைட் இல்ல. அது உன் சிவப்புப் பக்கத்துல இல்லியே" என்று விளக்கினீர்கள்.

கௌசல்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அங்கிள், பொங்கலுக்கு முந்தின வாரமே லைட் போட்டாச்சு. நீங்க எந்த வழியாப் போறீங்க?"

"நான் பஸ்ல, மெயின் ரோடு வழியா..."

"அப்ப, உள்ள ரோட்டைப் பாத்து எத்தினி நாளாச்சு?"

அன்று சாயங்காலமே நாம் மூன்று பேரும் மந்தைவெளியில் ரயில் ஏறினோம். பெருங்குடியில் இறங்கும்போது அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது. ஏழு விளக்குகள், ஏழும் எரிந்தன. நீங்கள் ஒவ்வொரு கம்பத்தின் கீழும் நின்று அண்ணாந்து பார்த்தீர்கள். கடைசிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "சொந்த ஊரைப் பாக்காம ஓட்டு போட்டுட்டேன் டீச்சர்" என்றீர்கள். கௌசல்யா இரண்டு தெரு தள்ளி இருந்த தன் வீட்டுக்கு நம்மைக் கூட்டிப் போய், அம்மாவிடம் டீ போடச் சொன்னாள். ஜன்னல் திறந்திருந்தது. சுத்தமான காற்று.

என்னை ரயில் ஏற்றிவிட நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்தபோது, முடிவை மாற்றி அறிவித்துவிடலாமா என்று கேட்டேன். ஒரே போடாய் மறுத்தீர்கள். "ஓட்டு பெட்டியில வுழுந்தாச்சு. அந்த அடையாறுப் பசங்க இன்னா தப்பு பண்ணாங்க? தப்பு என்னுது. எங்க ஒடுக்கோ அங்கதான் ஸ்டிக்கர்."

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு எழுத்து வெட்டும் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். அடையாறு அணியிடம் அனுமதி கேட்டு, கோப்பையை வாங்கிக் கவிழ்த்து, அத்தனை பிள்ளைகளும் பார்த்திருக்க அடிப்பக்கத்தில் வெட்டினீர்கள். பிறகு நீங்களே மைக்கில் படித்துக் காட்டினீர்கள்: "பெருங்குடி ஒரு ஓட்டில் தோற்றது. அந்த ஓட்டு என்னுடையது. விளக்கைப் பார்க்காமல் போட்டேன்." கீழே உங்கள் பெயர். சட்டைப் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துப் பக்கத்தில் ஒட்டினீர்கள். மேடையேறித் தன் தப்பைச் சொன்ன பெரிய மனிதரை எங்கள் பிள்ளைகள் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும்தான். இவர் என் நண்பர் என்று அன்று பக்கத்திலிருந்த பி.டி. மாஸ்டரிடம் இரண்டு தரம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் நடத்தினோம். கோப்பையில் தகடுகள் கூடின. ஜெயித்த அணி எதுவானாலும், வாங்கியதும் முதல் வேலையாக அடியைக் கவிழ்த்துப் பார்க்கும். போன மழைக்காலத்தில் உங்கள் மகள் போன் செய்து "டீச்சர், வாப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்தியபோது, நான் கையில் வைத்திருந்தது அடுத்த போட்டிக்கான ஏரியாப் பட்டியல். அதில் ராயப்பேட்டையைச் சேர்க்கலாமா என்று உங்களைக் கேட்க இருந்தேன். அந்தத் தாளை வெகு நேரம் மடித்து மடித்துப் பிரித்தேன். அழுகை அடுத்த நாள்தான் வந்தது, வகுப்பு நடுவில்.

நேற்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். உங்கள் நாற்காலியில் மகள் உட்கார்ந்திருக்கிறாள். உங்களைப் போலவே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்க்கிறாள். டீ சொன்னாள். நான் முதல் காரியமாக அவள் வீடு எங்கே என்று கேட்டேன். "அதே பெருங்குடிதான் டீச்சர், இப்ப ஏன் கேக்கறீங்க?" என்று சிரித்தாள். கோப்பையைக் கவிழ்த்து, உங்கள் எழுத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைக் காட்டினேன். என்ன வெட்ட வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தாள். ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு மெஷினைப் போட்டாள்.

"சீட்டில் பெருங்குடி வந்தபோது ஹாலோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வணிகவியல் ஆசிரியை." அதன் கீழே என் பெயர்.

உங்கள் பெயருக்கு அடியில் என் பெயர் இருப்பதில் எனக்கு இருக்கும் பெருமையை எந்த மெடலாலும் கொடுக்க முடியாது, பாய். நான் கேட்காமலே உங்கள் மகள் மேஜை டிராயரைத் திறந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து ஒட்டினாள். காசு வாங்கவில்லை.

நாளைக்கு நடுவராக உங்கள் இடத்தில் உட்காரப் போவது கௌசல்யா. பி.காம். முடித்து ஓ.எம்.ஆரில் வேலையில் இருக்கிறாள். வர ஒப்புக்கொண்டபோது, "சிவப்புப் பக்கம் இன்னும் இருக்கு இல்ல மிஸ்?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். காலையில் அவள் வந்ததும் கோப்பையை அவள் கையில்தான் கொடுக்கப் போகிறேன். அவள் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பாள்.