மொட்டைமாடியின் தென்மூலை

மார்ச் 2

இருளை விழுங்கி எழும் பேரொளியே, கேளாமலே வழங்கும் கொடையே, இன்றும் உன்னைக் கண்டேன். என் கண்ணுக்கு அது போதும். என் மனைவியின் காலுக்கும் சற்றே அருள்வாயாக.

இனி உலக விவகாரம். இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் அவளுக்கு நடைப்பயிற்சி கட்டாயம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தவறினால் கால் இப்படியே இறுகிவிடுமாம். பயிற்சி நிலையத்தில் பிற்பகலில்தான் இடம் கிடைக்கிறது. மின்சாரம் போவதும் பிற்பகலில்தான். சென்ற முறை மின்தூக்கி நின்றுபோய், ஐந்து மாடியும் அவளை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். அன்றே சபதம் செய்துவிட்டாள்:

"இனிமே நான் இறங்கினா ஒரேயடியா இறங்குறதுதான். நாலு பேர் எப்படியும் தூக்கத்தானே போறாங்க, அப்போ தூக்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9

மொட்டைமாடியில் குடியிருப்போர் கூட்டம். ஜெனரேட்டர் வைக்கக் கீழே கையகல இடமில்லை; வண்டிகளே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆகவே சூரிய மின்பலகைகள் வைத்து மின்தூக்கியை ஓட்டுவது என்று முடிவாயிற்று. எங்கே வைப்பது? தண்ணீர்த் தொட்டிகள், டிஷ்கள், ரோஜாத் தொட்டிகள், கொடிக்கயிறுகள். போதாக்குறைக்குப் பக்கத்துக் கட்டடம் நம்மைவிட மூன்று மாடி உயர்ந்து, நண்பகலுக்குப் பின் பாதி மாடியை நிழலில் அமிழ்த்திவிடுகிறது.

செயலாளர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். "எல்லாரும் பிளாட்பாரத்தைக் காலி பண்ணுங்க!" என்றார்.

மூன்றாம் மாடித் தையல்காரி விடவில்லை. "துணியை எங்க காயப்போடுறது? உங்க தலையிலயா? அங்கயும்தான் நல்லா வெயில் அடிக்குது." செயலாளர் தம் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

நான் எழுந்தேன். பிறர் பொருட்டுத் தன்னுடையதை விடுவதே வேள்வி என்று மறைநூல்களிலிருந்தும் பழம்பாடல்களிலிருந்தும் எடுத்துக்காட்டிப் பேசினேன். எல்லோரும் தலை குனிந்து கேட்டனர். தையல்காரி அங்கேயே கயிற்றை அவிழ்த்தாள். சொல்லுக்கு இன்னும் ஆற்றல் இருக்கிறது!

மின்பலகை நிறுவும் பெண் அளவுநாடாவோடு சுற்றி வந்தாள். நான் நாள்தோறும் கதிரவனைத் தொழும் தென்மூலையில் நெடுநேரம் நின்றாள். செயலாளர் அவள் காதில் ஏதோ சொன்னார். என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு நகர்ந்துவிட்டாள். பண்பான பெண்.

மார்ச் 24

பலகைகள் வந்தன. மின்தூக்கியில் கொள்ளவில்லை, படியேறி வந்தன.

ஏப்ரல் 6

மின்சாரம் போனது, மின்தூக்கி ஓடியது! செயலாளர் அதிலேயே மேலும் கீழும் போய்வந்து, தளத்துக்குத் தளம் கதவு திறந்து கையசைத்தார். நெடுநேரம் கெஞ்சியபின் நாளை இறங்குவதாக என் மனைவி ஒப்புக்கொண்டாள். பிரிந்து போன தலைவனுக்காகத் தலைவி வாடுவது நம் பாடல் மரபு. ஐந்தாம் மாடியில் தெருவைப் பிரிந்து வாடும் தலைவியைப் புலவர் எவரும் பாடவில்லை.

ஏப்ரல் 7

எழுத மனம் வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பயிற்சி முடிந்து மேலே வரும்போது, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் மின்தூக்கி நின்றுவிட்டது. இருட்டு. நானும் அவளும். நான் பதிகம் பாடத் தொடங்கினேன். "காத்தை மிச்சம் பிடிங்க," என்றாள்.

வெளியே தையல்காரியின் குரல். "எப்படி ஓடும்? பாதிப் பலகை நிழல்ல கெடக்கு, பேட்டரி நிரம்பவே மாட்டேங்குது. அந்தத் தென்மூலையில வைங்கன்னு அந்தப் பொண்ணு தலைபாடா அடிச்சுக்கிச்சே!"

"உஷ்! ஐயா உள்ள இருக்கார்!" என்று அடக்கினார் செயலாளர்.

என் மனைவி கதவைத் தட்டினாள். "எந்த மூலைப்பா?"

வெளியே ஒருவரையொருவர் முன்னே தள்ளிவிடும் சத்தம். பிறகு செயலாளர், "ஐயா கும்பிடுற இடம்மா... எப்படிக் கேக்குறது? பாவமில்லையா?"

இருட்டில் அவள் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. "ஏங்க, சூரியனைக் கும்பிடுற இடத்துல சூரியனை வேலை செய்ய விடமாட்டீங்களா?"

எனக்குத் தெரியாதா? தெரியாதுதான். அந்தப் பெண் அங்கே நின்றதைப் பார்த்தேனே! பார்த்தேன். ஏன் நின்றாய் என்று கேட்கவில்லை. எல்லார் கயிற்றையும் அவிழ்க்கச் சொன்னேனே... ச்சே, என்ன மனுஷன் நான்!

ஏப்ரல் 8

தென்மூலையில் நின்றேன். வாய் மந்திரம் சொல்லிற்று. மனம் நிழலை அளந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 9

இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் செயலாளர் மறுக்கிறார்! "வேணாங்க ஐயா, அந்தப் பழி எங்களுக்கு எதுக்கு?" கொடுப்பதற்கும் இத்தனை போராட்டமா? கடைசியில், "இன்று பலகை ஏறாவிட்டால் நானே தோளில் சுமந்து ஏற்றுவேன்," என்றேன். பயந்துபோய் ஒப்புக்கொண்டார்.

நிறுவும் பெண் பரிவோடு, "பலகையை உயரமா வைக்கிறேன், நீங்க அடியில நின்னு கும்பிடுங்க," என்றாள். நிழலில் நின்று கதிரவனைத் தொழுவதா! தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறி நிற்கலாம் என்றார் செயலாளர். "ஏறுங்க, ஏறுங்க," என்றாள் என் மனைவி. "ஆஸ்பத்திரியில எனக்குப் பக்கத்துக் கட்டில் காலியாத்தான் இருந்துச்சு."

ஏப்ரல் 15

சன்னல் வழியே தொழ முயன்றேன். எதிர்க் கட்டடத்தார் பல் துலக்குவதே தரிசனமாயிற்று.

ஏப்ரல் 29

பகலில் கண்ணயர்ந்து விழித்தேன். மின்விசிறி நின்றிருந்தது. வீட்டில் அவள் இல்லை, ஊன்றுகோலும் இல்லை. பதறிப் படிகளில் இறங்கினேன். கீழே போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கும்போதுதான் மின்தூக்கி என் கண்முன்னே மேலேறியது. ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது!

தெருவில், தையல்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்றிருந்தாள்.

"சொல்லிட்டு வரக்கூடாதா?"

"சொன்னா நீங்களும் கூட வருவீங்க. அப்புறம் நீங்கதான் என்னைக் கூட்டிட்டு வந்ததா ஆயிடும்."

மே 26

இன்று விடியலில் அவள்தான் என்னை அழைத்துப்போனாள். தெருமுனையில், பேருந்து நிறுத்தத்துக்கு நேரே, இரு கட்டடங்களுக்கிடையே ஓர் இடுக்கு உண்டு. அதன் வழியே கதிரவன் முழுவதாக எழுந்தான். என்னை மறந்து இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினேன்.

பேருந்து வந்து நின்றது.

"கைகாட்டி நிறுத்திட்டு நின்னா எப்படிப் பெரியவரே? ஏறுங்க!" என்று ஓட்டுநர் அதட்டினார்.

விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவள் ஊன்றுகோலை நடத்துநரிடம் நீட்டிவிட்டாள். கம்பியைப் பற்றி, நல்ல காலை முதலில் வைத்து, மற்றதையும் தூக்கி வைத்து ஏறினாள். யாரும் தூக்கவில்லை.

"எங்கம்மா போகணும்?"

"கடைசி வரைக்கும் எங்க போகுதோ அங்க," என்றாள். சன்னலோரம் அமர்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். தொழுகையைப் பாதியில் விட்டு நானும் ஏறினேன். முகத்தில் வெயில் பட்டபடி அவள் சிரித்ததைக் கண்டபின், மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பின்னாளில் இவ்வேட்டைப் புரட்டும் அன்பரே, நீவிர் யாவராயினும் வாழ்க! உம் இல்லத்து முற்றம் சிறிதாயினும் ஒளி குறையாதிருக்க. உம் வீட்டார் விரும்பிய போதெல்லாம் இறங்கி நடந்து, விரும்பிய போது ஏறி வருக.