நான்கு ரப்பர் துண்டுகள்

அச்சுவேலி
09.06.2025

அன்பின் கேதீஸ்வரிக்கு,

காரை விற்றுவிட்டேன்.

முதலில் அதைச் சொன்னால்தான் மிச்சத்தை வாசிப்பீர். போனில் காரின் கதையை எடுத்தாலே வைத்துவிடுகிறீர். அதனால் எழுதி, கனடாவுக்கு வரும் பெர்னடெட் ரீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே நானும் கடையும் சுகம். பிரஷர்க் குளிசையை விடாமல் போடுகிறேன். மகள் உதயகலாவின் குழந்தை குப்புறப் படுக்கிறது என்று அறிந்து சந்தோஷம். மாமரம் இம்முறை நன்றாகக் காய்த்தது. பிடுங்க ஆளில்லாமல் பாதி வௌவாலுக்குப் போயிற்று.

அந்தக் கார் முற்றத்தில் நிற்கும்வரை வரமாட்டேன் என்று, நிருஷனின் ஆட்டைத்திவசம் முடிந்த கையோடு சொல்லிவிட்டு விமானம் ஏறினீர். பம்பருக்கு அளவு கொடுக்கத் தொண்டைமானாற்றுக்குப் போய்த் திரும்பும்போதுதானே பிள்ளையை லொறி அடித்தது. அவன் திருத்திக்கொண்டிருந்த அந்தப் பழைய இரண்டு சீற்றுக் கார் இல்லையென்றால் அவன் இருப்பான் என்கிறீர். நான் மறுக்கவில்லை. ஆனால் பம்பர் இல்லாத காரை எவனும் அரை விலைக்குத்தான் கேட்பான். முடித்து விற்போம் என்று நினைத்தேன்.

பம்பர்கள் அங்கே அருட்பிரகாசத்தின் படகுப் பட்டறையில் இருந்தன. பைபர் படகு வார்க்கிறவர்தான் மகன் கொடுத்த அளவுக்கு அதையும் வார்த்திருந்தார். விபத்துக்குப் பிறகு எங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒரு வருசமாகச் சாக்கில் சுற்றி வைத்திருந்திருக்கிறார்.

முன் பம்பர் அச்சொட்டாக இருந்தது. பின்னது ஒத்துவரவில்லை. வளைந்து வரும் இரண்டு நுனியும் சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டில் முட்டின. படகுக்காரரை ஒருக்கால் கேட்டுவிட்டு வெட்டுவோம் என்றான் மெக்கானிக் குகதாசன். நான் கேட்கவில்லை. நிருஷன் எந்த நாள் ஒரு அளவைச் சரியாய் எடுத்தவன், நீ வெட்டடா என்றேன். நுனிக்கு ஓர் அங்குலம் கிறைண்டரால் வெட்டினான். என் சட்டையெல்லாம் வெள்ளைத் தூள்.

பிறகு போல்ட்டுக்கு வாசர் தேடி மகனின் ஸ்பனர்ப் பெட்டியைக் கவிழ்த்தேன். எங்கள் கடை பில் தாளில் ஒரு பொட்டலம். உள்ளே பழைய ரயரில் வெட்டிய நான்கு ரப்பர் துண்டுகள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலத் தடிப்பு, நடுவில் துளை. ‘பின் பம்பருக்கு’ என்று அவன் கையெழுத்து. பம்பருக்கும் இரும்புக்கும் இடையில் அவற்றை வைத்தால் பம்பர் ஓர் அங்குலம் பின்தள்ளி நிற்கும், மட்காட்டில் முட்டாது. வைத்துப் பார்த்தோம். துளைக்குத் துளை நேர். நான் வெட்டுவித்த நுனிகள்தான் கட்டையாக நின்றன.

அருட்பிரகாசம் வந்து பார்த்தார். நேரே இரும்பில் இறுக்கினால் பைபர் வெடிக்கும், ரப்பர் வைப்பம் எண்டு தம்பிதான் சொன்னவன், ஏன் அண்ணை என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை என்றார். வெட்டிய இடத்துக்குப் பைபர் ஒட்டி, தேய்த்து, பெயின்ற் அடித்துத் தந்தார். பார்க்கிற ஒருவருக்கும் தெரியாது. உள்பக்கம் கைவிட்டால் எனக்குத் தடக்கும்.

கேதீஸ், அவன் அளவு சரி. இருபத்தாறு வருசத்தில் ஒருதரம் அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். கடைக் கணக்கை முடித்துத் தரும்போதும் அவனுக்கு முன்னாலேயே திரும்பக் கூட்டித்தான் பார்த்தேன். ஒருநாளும் பிழைத்ததில்லை.

உடம்பைக் கவனமாகப் பாரும். சந்நிதி முருகன் உங்கள் எல்லோருக்கும் துணை நிற்கவேண்டும்.

இப்படிக்கு,
உம்முடைய
கனகசபாபதி

பி.கு.: வாங்கியவர் கொழும்பில் பழைய கார் சேர்க்கிறவர். விலை இருபத்தெட்டு இலட்சம். பாதி தந்துவிட்டார், மிச்சத்தைத் தந்து முப்பதாந் திகதி காரை ஏற்றுவார். விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று கடையில் முப்பது வருசமாகப் பலகை தொங்கவிட்டவன் நான். ஆனாலும் ஒரு நிபந்தனை கேட்டு எழுதுவித்தேன். அந்தத் திகதிக்கு முன் நீர் போன் எடுத்து, பிள்ளை செய்ததை வந்து ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று சொன்னால், அவர் காசு அவருக்கு, கார் இங்கே நிற்கும். அவரும் கையெழுத்து வைத்திருக்கிறார்.