தூர லென்ஸ் வேண்டாம்

மேல்கணக்கு லயம்,
டிக்கோயா.
20.11.2006

அன்பு மகன் ஜீவராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் ஒருவரை ஒருவர் விடாமல் நலமாக இருக்கிறோம், அங்கே துபாய் வெயிலில் நீயும் உன் கூட்டாளிகளும் சுகமாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். போன வாரத்து ஞாயிறு அட்டன் டவுனில் நின்று உன்னோடு போன் பேசியபோது நீ கேட்டதற்கு இதில்தான் பதில் எழுதுகிறேன். நீ வேலை செய்யும் கடைக்கு நம் கேமராவில் பூட்டுகிற சாமான் இனிமேல் வராதாம், மிச்சம் இருப்பதில் ஒன்றை மட்டும் உனக்கு ஒதுக்கித் தருவார்களாம், தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிற லென்ஸா, அகலமாகக் காட்டுகிற லென்ஸா, பளபளப்பை எடுக்கிற பில்டர் கண்ணாடியா, எது வேணும்னு யோசிச்சு எழுதும்மா, மார்கழியில நல்லமுத்து மாமா லீவுல வர்றப்ப குடுத்து விடுறேன் என்றாய். தூர லென்ஸ் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதற்குள் லைன் அறுந்துபோனது. அறுந்ததே நல்லது.

நீ கேமரா அனுப்பியதிலிருந்து உன் அம்மா இந்தத் தோட்டத்தில் சின்ன ஆள் இல்லை என்று தெரிந்துகொள். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்குப் பார்க்கும் கண்டாக்கு ஐயா எப்போதும் ஈரம் ஈரம் என்று சொல்லி ஆளாளுக்குக் கிலோ வெட்டுவாரே, ஒரு நாள் என் கழுத்தில் கேமராவைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார், ஒருத்திக்கும் வெட்டவில்லை. பொம்பளைகள் எல்லாம், அக்கா நாளைக்கும் கொண்டாங்க, பேட்டரி இல்லாட்டியும் பரவாயில்ல, சும்மா கழுத்துல மாட்டிக்கிட்டு வாங்க என்று ஒரே பாடு. மலையில் கொழுந்து எடுக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அப்பா போன பிறகு நான் இப்படிச் சிரிப்பது சரிதானா என்றுகூட ஒரு நேரம் தோன்றுகிறது, பிறகு அவர் இருந்தால் என்னைவிடப் பலமாகச் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

லென்ஸைப் பார்க்காமல் எப்படி முடிவு செய்வது என்று அட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஆண்டியப்பனிடம் போனேன், நம் தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பையன், உன்னோடு பந்து விளையாடியவன். அவனிடமும் நம் கேமரா மாதிரியே ஒன்று இருக்கிறது, மூன்று சாமானும் இருக்கிறது. கேமராவின் மூக்கைச் சுற்றி இருக்கும் வளையத்தைக் கழற்றிவிட்டு ஒரு குழாயைத் திருகினான், அந்தக் குழாயின் வாயில் லென்ஸைத் திருகினான். முதலில் தூர லென்ஸ். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பஸ் கண்டக்டரின் தங்கப் பல் என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அந்த ஆள் அதைக் கண்டுகொண்டு இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று பல்லைக் காட்ட ஆரம்பித்துவிட்டான், பஸ்ஸை எடுக்க மறந்து டிரைவரிடம் ஏச்சும் வாங்கினான். ஆனால் கை கொஞ்சம் ஆடினால் எல்லாம் கலங்கிவிடுகிறது, கேமராவின் ஜூமை முழுதாக இழுத்து வைக்காவிட்டால் மூலையெல்லாம் கறுத்து மூங்கில் துளை வழியே பார்க்கிற மாதிரி இருக்கிறது. அடுத்தது பில்டர். அதைப் போத்தல் மூடி மாதிரித் திருகத் திருக மழையில் நனைந்த இலையின் மினுக்கம் அடங்கிப் பச்சை தனியாக எழுந்து நிற்கிறது, அது ஒரு வேடிக்கை. அப்படியானால் பனி மூட்டத்தையும் துடைக்குமா தம்பி என்று கேட்டேன். அத்தை, அத தொடைக்கிற கண்ணாடி வந்தா மொத ஆளா நான் வாங்கி நுவரெலியாவுக்கே மாட்டிவிடுவேன் என்றான். அதைப் போட்டால் வெளிச்சம் குறையுமாம், நம் ஓர் அறைக் காம்பராவில் குறைக்க என்ன வெளிச்சம் இருக்கிறது, அதனால் அதைத் தள்ளிவிட்டேன்.

தூர லென்ஸ் மேல் எனக்கு ஏன் அவ்வளவு ஆசை என்று உனக்குச் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பரா மீனம்மா சித்தியின் மகள் தயானிக்குத் தையில் கல்யாணம், படம் நான்தான் எடுக்க வேண்டும் என்று அது ஒற்றைக்காலில் நிற்கிறது. போன மாதம்தான் அப்பாவுக்கு வருசம் கும்பிட்டோம். வருசம் முடிந்தாலும் நான் மாலை மாற்றுகிற இடத்தில் மணவறைக்கு முன்னால் போய் நிற்க முடியுமா. தூர லென்ஸ் இருந்தால் பந்தலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு தாலி முடிச்சைக்கூட எடுத்துவிடலாம், யார் கண்ணிலும் பட வேண்டாம், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். இதுதான் என் கணக்கு. ஆனால் ஆண்டியப்பன், ஞாயித்துக்கெழம பரிசத்துக்கு இந்த அகல லென்ஸைக் கொண்டுபோய்ப் பாருங்கத்தை, வீட்டுக்குள்ள எடுக்க இதுதான் சரி என்று கையில் கொடுத்துவிட்டான்.

பரிசம் நேற்று ஞாயிற்றுக்கிழமை, சித்தியின் காம்பராவில். நம் காம்பரா அளவு உனக்குத் தெரியும், அதற்குள் இரண்டு வீட்டுச் சனமும் பரிசத் தட்டும் குத்துவிளக்கும். நான் வாசல் நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் முதுகு, முதுகு, அதற்கு நடுவே மாப்பிள்ளையின் அப்பா வீரய்யாவின் வழுக்கை. சித்தி, உள்ள வாங்கக்கா என்று கூப்பிட, நான் ஒரு அடி வைத்தேன். மாப்பிள்ளையின் அத்தை வேலாயி, வலப்பனையிலிருந்து வந்தவள், பக்கத்தில் இருந்தவளிடம், புருசன் இல்லாதவங்கள எதுக்கு தட்டுக்கு முன்னுக்கு விடுறாங்க என்றாள். மெல்லத்தான் சொன்னாள், அந்தச் சின்ன இடத்தில் எல்லார் காதிலும் விழுந்தது. வைத்த அடியை நான் எடுத்துவிட்டேன். எனக்குக் கோபம் இல்லை மகனே, அவள் சொன்னதை நானும் இன்னொருத்தியைப் பார்த்து மனதுக்குள் நினைத்தவள்தானே. அப்போது தயானி தலையைத் தூக்கி, பெரியம்மா நிக்கிற எடத்துலருந்து எடுத்தா என் முதுகுதான் விழும், முதுகுக்கா பரிசம் போட வந்திருக்கீங்க என்று கேட்டது. மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தான், பிறகு வீரய்யா சிரித்தார், பிறகு காம்பராவே குலுங்கியது. பெரியம்மா தட்டுக்கு முன்னால வராம நான் சேல வாங்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டது அந்தப் பிள்ளை. நான் போனேன்.

முதல் படம் கெட்டுப்போனது. பிளாஷ் அடித்தபோது குழாயின் நிழல் கீழ் மூலையில் கறுப்பாக மேடு தட்டி, வெற்றிலைமேல் உட்கார்ந்துவிட்டது. வீரய்யா எட்டிப் பார்த்து, யார் தலைங்க இது பரிசத் தட்டுல என்றார். பிளாஷை நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறக்கச் சொன்னேன், குளிர் காற்றோடு வெளிச்சமும் வந்தது, பிறகு எடுத்ததெல்லாம் பொன் மாதிரி. சுவரோடு சாய்ந்துகொண்டு எடுத்தேன், ஒருவர் விடாமல் எல்லாரும் விழுந்தார்கள், அடுப்படியில் இருந்த பூனை உட்பட. ஒரு குறை, ஓரத்தில் நிற்கிறவர்களை இந்த லென்ஸ் இழுத்துப் பருக்க வைக்கிறது. ஓரத்தில் நின்றது வேலாயி. படத்தைப் பார்த்ததும், ஆத்தாடி நான் இம்புட்டாவா இருக்கேன் என்றாள். இல்லைங்க, லென்ஸ் செய்யிற வேலை, நடுவில நின்னா இருக்கிற மாதிரியே விழும் என்றேன். பிறகு அவளை நடுவிலிருந்து நகர்த்த முடியவில்லை, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இப்ப பாருங்க தாயி, முந்தானை விழுதா பாருங்க என்று ஒட்டி நின்றுவிட்டாள். போகும்போது, கல்யாணத்துக்கும் நீங்கதானே, என்னைய நடுவுல போடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணத்தன்று மறுபடியும் வேறு யாராவது ஏதாவது சொல்லலாம், சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் சுவரில் அப்பா. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முகம், சிரிக்கவே தெரியாதவர் மாதிரி. அவர் சிரித்த படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. உன் அக்கா ஜெயந்தினி கல்யாணத்தில் எல்லாரும் நின்று எடுத்தோமே, அதில் அவர் எல்லாரையும் உள்ளே தள்ளிவிட்டு ஓரத்தில் நின்றார், படம் எடுத்தவனுக்குப் பின்னால் போக இடம் இல்லை, அப்பாவுக்கு ஒரு தோளும் ஒரு காதும்தான் கிடைத்தது. இந்த லென்ஸ் அன்றைக்கு இருந்திருந்தால் அவர் முழுதாக விழுந்திருப்பார். குண்டாகத்தான் விழுந்திருப்பார், அதற்கு அவர் சிரித்திருப்பார், அந்தச் சிரிப்பும் விழுந்திருக்கும். கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு வேலாயியை நினைத்து அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

ஆகையால் தூர லென்ஸ் வேண்டாம். அகல லென்ஸை அனுப்பு. தயானி இன்னொன்றும் சொல்லியிருக்கிறது, கேமராவில் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கித் தானாகவே எடுக்கிறதே, கல்யாணத்தில் அதை வைத்துவிட்டு நானும் ஓடிவந்து நிற்க வேண்டுமாம். இன்று காலை லயத்து வீட்டு வரிசைக்கு முன் முற்றத்தில் பழகிப் பார்த்தேன், என் முழங்கால் போய்ச் சேர்வதற்குள் அது எடுத்துவிடுகிறது, ஒரு படத்தில் என் முதுகு, ஒரு படத்தில் பறக்கிற முந்தானை, சித்தி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தைக்குள் பழகிவிடுவேன். ஓடிவந்து நிற்க நேரம் இருக்காது, ஓரத்தில்தான் இடம் கிடைக்கும். குண்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, இரண்டு தோளும் இரண்டு காதும் இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கடையின் குளிருக்கும் வெளி வெயிலுக்கும் மாறி மாறிப் போகும்போது தலையைத் துவட்டிக்கொள். அம்மனும் உன் அப்பாவும் உனக்கு முன்னும் பின்னும் துணை நிற்கட்டும். லென்ஸோடு குழாயையும் மறக்காமல் வாங்கு, குழாய் இல்லாவிட்டால் லென்ஸ் உட்கார இடமில்லை. வேலாயி குண்டாக இருக்கிற படத்தை ஆண்டியப்பனிடம் பிரிண்ட் போட்டு இதற்குள் வைத்திருக்கிறேன், பார்த்துச் சிரித்துவிட்டுப் பத்திரமாக வை, நல்லமுத்து மாமாவிடம் காட்டாதே, அவளுக்கு அவர் சொந்தமாம். நீ சிரிக்கிற படம் ஒன்றைப் பதிலோடு அனுப்பு.

உன் படத்துக்குக் காத்திருக்கும்
அம்மா பவளம்மா