ஞாயிற்றுக்கிழமை அம்புக்குறி

ஆரணி
வியாழக்கிழமை

அன்பு மகள் சிவசங்கரிக்கு,

அப்பா எழுதுவது. புத்திரகாமேட்டீஸ்வரர் புண்ணியத்தில் இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளை அருள்மணியும் அந்தக் குளிர் தேசத்தில் இருமல் சளி இல்லாமல் நடமாடுகிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு அதுவே போதும். போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ சரிப்பா சரிப்பா என்கிறாய், அப்புறம் சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வச்சிடட்டுமா. உன்னைக் குறை சொல்லவில்லை, அங்கே உன் வேலை அப்படி. ஆனால் இந்த விஷயம் கொஞ்சம் நீளம், ஆதியிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும், எனக்கும் மனசு ஆறும். அதனால் பருப்புப் பொடி அனுப்புகிற பார்சலிலேயே இதையும் வைக்கிறேன். காகிதத்தில் பூண்டு வாசனை ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அம்மா இன்னும் ஓசூரில்தான் இருக்கிறாள். உன் அண்ணி பானுப்ரியா வேலைக்குத் திரும்பிவிட்டதால் உன் அண்ணன் சந்தோஷின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆவணியில் போனவளுக்குப் பேரன் முகத்தைப் பார்த்ததும் புருஷன் முகம் மறந்துவிட்டது. தீபாவளிக்கு நான் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். அங்கேயே இருந்துவிடலாம்தான், தறியை விட்டுவிட்டு எப்படி இருப்பது, தங்கவேலு நாள் தவறாமல் நெய்ய வருகிறார், அவருக்குப் பட்டும் ஜரிகையும் எடுத்துக் கொடுக்க வீட்டில் ஆள் வேண்டும். அவர் இருக்கிறவரை தறிச் சத்தம் இருக்கிறது, இரண்டு பேச்சு இருக்கிறது. சாயங்காலம் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு நான் டி.வி.யைப் போட்டுவிட்டு வேறு அறையில் போய் உட்காருகிறேன். பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. சாப்பாடு பாதி நாள் நானே பொங்குகிறேன், பாதி நாள் காந்தி ரோட்டு மெஸ். மெஸ்காரருக்கு என் முகம் பழகிவிட்டது, ரசத்தை இரண்டாம் முறை கேட்காமலே ஊற்றுகிறார்.

இப்போது கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். நீ காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது, நீ போன பிறகு பார்டர் டிசைன் போடுவதற்கு நான் வைத்துக்கொண்டேன். அது கிழடு என்று எனக்குத் தெரியாதா என்ன. பிரிண்டரைக் காணோம் என்று சொல்லும், எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வரும், சத்தம் நின்றுபோகும், வாரத்துக்கு ஒரு வியாதி. ஞாயிற்றுக்கிழமை இங்கே சாயங்காலம், உனக்கு மதியம், நீ அங்கே உட்கார்ந்தபடியே இதற்குள் வருவாய். நான் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்காருவேன், அம்புக்குறி தானாக நகரும். எதையோ திறப்பாய், மூடுவாய், நடுவில் அம்புக்குறி ஒரே இடத்தில் நிற்கும், யோசிக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். அப்பா இதைத் தொடாதீங்க என்று ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக் காட்டுவாய், நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து சரிம்மா என்று அடிப்பதற்குள் நீ அடுத்த வேலைக்குப் போயிருப்பாய். அந்த அரை மணி நேரம் நீ இந்த வீட்டில்தான் இருக்கிறாய் என்று எனக்குத் தோன்றும். போனில் பேசும்போது தூரத்தில் இருக்கிறாய், அம்புக்குறி நகரும்போது பக்கத்தில் இருக்கிறாய். அது எப்படி என்று கேட்காதே, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதனால்தான் புரட்டாசியில் நீ, அந்தக் குப்பைய தூக்கிப் போட்டுடுங்கப்பா, பொங்கலுக்குப் புது லேப்டாப் அனுப்பறேன், அதுல ஒரு தொல்லையும் வராது, வாரா வாரம் நான் உள்ள வந்து நோண்டிகினு இருக்க வேணாம் என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தொல்லை இல்லை என்றால் நீயும் வரமாட்டாய் என்றுதானே அர்த்தம். அப்போதைக்கு சரிம்மா என்று சொல்லி வைத்தேன்.

அந்தப் பேச்சு நடந்த வாரமே ஆயுத பூஜை. ஒவ்வொரு வருஷமும் தறிக்குப் பொட்டு வைப்பது நான், வீட்டுச் சாமான்களுக்கு வைப்பது உன் அம்மா. இந்த வருஷம் இரண்டும் என் தலையில். சந்தனத்தைக் கொஞ்சம் தளரவே கரைத்துக்கொண்டு தறி மரம், நாடா, ராட்டை எல்லாம் முடித்து, மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின் என்று வந்து கடைசியில் கம்ப்யூட்டர். இதுவும் சோறு போடுகிற சாமான், அதோடு உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிற சாமான், இதற்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணுவானேன் என்று தறிக்கு வைக்கிற மாதிரியே தாராளமாக வைத்தேன். ஸ்கிரீனுக்கு மேலே ஒன்று, பெட்டிக்கு மூன்று பட்டை, கீபோர்டுக்கு மேல் வரிசையில் பொட்டு பொட்டாக, எல்லாவற்றுக்கும் குங்குமம். பொரி கடலை படைத்து, சூடம் காட்டி, அன்றைக்கு எதையும் தொடாமல் விட்டேன். மறுநாள் விஜயதசமி, புதுசாக ஒரு பார்டராவது ஆரம்பிக்கலாம் என்று பவர் போட்டால் வழக்கமான பக்கம் வரவில்லை. நீலமாக ஒரு பக்கம், அதில் ஆங்கிலத்தில் நாலைந்து வரி, எதைச் செய்யட்டும் என்று என்னைக் கேட்டது.

உடனே உனக்குப் போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கும். உள்ளே வந்து பாரேன் என்றேன். விண்டோஸ் வந்தாத்தாம்பா நான் உள்ள வர முடியும், இது வாசல்லயே நின்னுகினு இருக்கு என்றாய். அது ரெக்கவரி பக்கம், ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க, கடைசில இருக்கறத மட்டும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டாய். முதலில் ஸ்டார்ட்டப் ரிப்பேர் போட்டேன். ஒரு பட்டை ஓடிக்கொண்டே இருந்தது, நான் போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து பார்த்தால் கோளாறு எதுவும் தென்படவில்லை என்று எழுதியிருந்தது. என் முழங்கால் வலிக்கு டாக்டர் சொல்கிற அதே பதில். அடுத்து மெமரி சோதனை, அதிலும் பழுது இல்லை. அதற்கடுத்தது சிஸ்டம் ரீஸ்டோர், எந்தத் தேதிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டுச் சில தேதிகளை வரிசையாகக் காட்டியது. எல்லாவற்றுக்கும் கீழே ஆவணியில் ஒரு தேதி, உன் அம்மா ஓசூர் பஸ் ஏறுவதற்கு முந்தைய வாரம். புத்தியுள்ளவன் ஆயுத பூஜைக்கு முந்தைய நாளை எடுப்பான், நான் ஆவணியை எடுத்தேன். நல்லபடியாகத் திரும்பியாகிவிட்டது என்று மிஷின் சொல்லிற்று. மறுபடி பவர் வந்ததும் அதே நீலப் பக்கம், அடுப்படியில் அதே இருட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதும்விட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இல்லை.

அப்புறம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிற ஜீவானந்தம் கடைக்குப் போனேன். எல்லோரும் செய்கிற மாதிரி ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மட்டும் போர்வையில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு போனேன். அவர் தன்னுடைய ஸ்கிரீன், கீபோர்டு, மவுசை மாட்டிப் பவர் போட்டார், சமர்த்தாக விண்டோஸ் வந்து நின்றது. என்னாங்க, நல்லா ஓடிகினு இருக்கறத தூக்கிகினு வந்திருக்கீங்க என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து மாட்டினேன், நீலப் பக்கம். மறுபடி ஆட்டோ, மறுபடி அங்கே சமர்த்து, மறுபடி இங்கே அடம். சின்ன வயதில் நீ பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து சண்டித்தனம் பண்ணுவாயே, அதே மாதிரி. உங்க வூட்டு கரண்ட்டுதாங்க பேஜார் பண்ணுது, பேசாம கடைசில இருக்கற அந்த ஃபேக்டரி ரீசெட்ட போட்டு வுட்டுடுங்க, ஜல்தியா முடிஞ்சிடும் என்றார். என் மகள் உள்ளே வருவதற்குப் போட்டு வைத்திருப்பது அதில் இருக்குமா என்று கேட்டேன். எல்லாமே பூடுங்க, வாங்கினப்போ எப்பிடி இருந்துச்சோ அப்பிடி ஆயிடும் என்றார்.

இதற்குள் ஞாயிற்றுக்கிழமைகள் வந்து வந்து போயின. சாயங்காலம் ஆனால் கால் தானாக அந்த நாற்காலிக்குப் போகும், உட்கார்ந்தால் நீலப் பக்கம். போன ஞாயிறு நீயே போனில், ரீசெட் போட்டுடுங்கப்பா, அதுல அப்படி என்ன இருக்கு என்று கேட்டுவிட்டாய். நியாயமான கேள்விதான். டிசைன் எல்லாம் பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறது, போட்டோ எல்லாம் அம்மா போனில் இருக்கிறது. அதில் இருப்பது நீ வருகிற வழி ஒன்றுதான். மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்பார்கள், லேப்டாப் வரப்போகிற வீட்டில் அதற்கு யார் மெனக்கெடுவார்கள். நீ போனை வைத்ததும் அந்தக் கடைசி வரியைத் திறந்தேன். எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. மவுசை அதன் மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன் சங்கரி, விரல் இறங்கவில்லை. எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை தறியில் ஒரே இடத்தில் இழை அறுந்துகொண்டே இருந்தது. முடிச்சுப் போட்டால் நாலு விரற்கடை ஓடும், மறுபடி அறும். அந்த மாதிரி நேரத்தில் யாரும் இழையைத் திட்டமாட்டோம், அது எங்கே உராய்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே போவோம், ஏதோ ஒரு இடத்தில் பிசிறு தட்டும். நானும் தங்கவேலுவும் அப்படித் தடவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெட்டி கடையில் நன்றாக இருக்கிறது, வீட்டில் இல்லை. அப்படியானால் பெட்டியைத் திட்டி என்ன பிரயோஜனம், வீட்டில் அதோடு சேர்கிற சாமானை அல்லவா தடவிப் பார்க்க வேண்டும். கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஒயர் சரி, மவுஸ் சரி, கீபோர்டில் ஒவ்வொரு பட்டனாக விரலை ஓட்டினேன், எல்லாம் அமுங்கி எழுந்தன, மேல் வரிசையில் எஃப் 11 மட்டும் அமுங்கியே கிடந்தது, எழுந்திருக்கவில்லை. நகத்தால் நெம்பினால் உள்ளே என் சந்தனம், காய்ந்து கல்லாகி இருக்கிறது.

ஊசியும் ஈரத்துணியும் வைத்துச் சுரண்டி எடுத்தேன். பட்டன் டக்கென்று மேலே வந்தது. பவர் போட்டேன், விண்டோஸ் வந்துவிட்டது. அந்தப் பட்டன் அமுங்கியபடி பவர் போட்டால் ரெக்கவரி பக்கத்துக்குத்தான் போகுமாம், ஜீவானந்தத்துக்குப் போன் பண்ணியபோது சொன்னார், கீபோர்ட யாருங்க எடுத்துகினு வரல, நீங்கதான என்று பழியையும் என் மேலேயே போட்டார். உன் அம்மாவிடம் போனில் சொன்னேன், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்த சிரிப்பில் அது விழித்துக்கொண்டது. கம்ப்யூட்டருக்கு யாராச்சும் சந்தனத்த கரைச்சி ஊத்துவாங்களாங்க, நான் பொட்டி மேல காஞ்ச குங்குமம் ஒரே ஒரு பொட்டு வச்சிட்டு வந்துடுவேன், நாலு மாசம் நான் இல்லன்னா வூட்ட என்னாதான் பண்ணி வைப்பீங்களோ என்றாள். திட்டினாலும் காதுக்கு இதமாக இருந்தது.

இப்போது எல்லாம் சரியாக ஓடுகிறது. பிரிண்டர்கூடத் தெரிகிறது, எழுத்து ஒழுங்காக வருகிறது. அதுதான் எனக்குப் புதுக் கவலை. ஏதாவது கெட்டிருக்கிறதா என்று நேற்று முழுக்கத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. சரியாகிவிட்டது என்று உனக்குப் போனில் சொன்னால் சூப்பர்ப்பா என்பாய், அதோடு முடிந்துபோகும். அதனால்தான் இன்னும் சொல்லவில்லை, இந்தக் கடிதம் வந்து சேரும்வரை நாலு ஞாயிறு சும்மா போனாலும் போகட்டும் என்று எழுதுகிறேன். நீ லேப்டாப் அனுப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை, டிசைன் அதிலேயே போடுகிறேன். ஆனால் ரிப்பேர் இருந்தால்தான் மகள் வர வேண்டும் என்று சட்டமா இருக்கிறது. ஒரு வேலையும் இல்லாமல் வா கண்ணு. எதையும் திறக்க வேண்டாம், மூட வேண்டாம், அம்புக்குறியைச் சும்மா அங்கேயும் இங்கேயும் நகர்த்திக்கொண்டிரு, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ இல்லாமல் எனக்கு இந்த வீடு பெரிதாக இருக்கிறது.

காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையும் அப்படித்தான் என்று அம்மா புலம்புகிறாள். பொடியில் ஈரக் கரண்டி போடாதே. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல், கையும் மனசும் நிறைந்து, சிரித்த முகமாக நீங்கள் வாழ வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

மறக்காமல் ஒன்று செய். நீ உள்ளே வரும்போதெல்லாம் இங்கே சின்னதாக ஒரு கட்டம் வந்து, சிவசங்கரி வரக் கேட்கிறார், அனுமதிக்கலாமா என்று என்னைக் கேட்கிறது, நான் ஆம் என்று அழுத்தினால்தான் உன்னை விடுகிறது. அந்தக் கேள்வியை எடுத்துவிட வழி இருந்தால் எடுத்துவிடு. உன் வீட்டுக்குள் வருவதற்கு நீ யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உன் அப்பா,
வேணுகோபால்